விசில் உத்தியோகம்

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பையன் ஃபுட்பால் ஆடப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் மூன்று கேள்விகள் வரும். பரீட்சை எப்போது, பூட்ஸ் என்ன விலை, கூட யார் யார் வருகிறார்கள். ஆட்டத்துக்கு ரெஃபரி யார் என்ற கேள்வி மட்டும் வராது. கோல் கம்பம் மாதிரி அவரும் மைதானத்தோடு சேர்ந்து வருபவர் என்று நினைப்பு. அந்தக் கோல் கம்பங்களில் ஒருவன் என்ற முறையில் நாலு விஷயம் எழுத ஆசிரியர் இடம் கொடுத்திருக்கிறார்.

நான் விசில் ஊதுவது பெரிய ஆட்டங்களில் அல்ல. தென் கொல்கத்தாவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும் ஒரு சிறுவர் லீகில். பத்து வயதுக்குட்பட்டோர், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினாலு வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. தென்கிழக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இன்ஸ்டிட்யூட் அணிக்கு ஆடினேன். முழங்கால் மறுத்தபோது ரெஃபரி பரீட்சை எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழைய விசில் மறுபடி வேலைக்கு வந்தது. கிடைக்கும் அலவன்ஸ் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருக்கும். சில வாரம் டீக்குக் குறையும்.

இங்கே பையன்கள் வயதானவர்களை 'தாது' என்று கூப்பிடுவார்கள். வங்காளியில் தாத்தா என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டிகளுக்கு சிக்னல் கொடுத்த ரயில்வேயில் இருந்தவனுக்கு இது ஒரு விதத்தில் பொருத்தமான பட்டம்தான்.

இந்த ஊரில் கால்பந்து எப்படிப்பட்ட விஷயம் என்பதை மற்ற நகரங்களில் உள்ள வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்தும் ஐ.எஃப்.ஏ. சங்கம் 1893-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்து ஷீல்டை வாங்கியது. பகான் அணியில் ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தக் கதையை இன்றைக்கும் டிராமில் பக்கத்து சீட்டுக்காரர் நேரில் பார்த்தவர் போலச் சொல்லுவார். ரயில்காரன் ஆனபடியால் இன்னொன்றையும் விட மனசு வரவில்லை. 1958-ல் கல்கத்தா லீகை ஜெயித்தது ஈஸ்டர்ன் ரயில்வே. பி.கே. பானர்ஜி ஆடிய அணி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே இருந்து அடுத்தபடியாக ஒரு அணி லீகை ஜெயிக்க 61 வருஷம் ஆயிற்று. 2019-ல் பியர்லெஸ் ஜெயித்தது.

இதே பைத்தியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். இரண்டு ஆட்டக்காரர்கள் வெளியேற்றப்பட்டதை ஒட்டி காலரியில் கலவரம் கிளம்பி, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்துப் போனார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் இங்கே ரத்த தானம் நடக்கிறது. சிறுவர் லீகுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காலரியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோட்டோரத்தில் நிற்கிறார்கள். சம்பந்தம் அவ்வளவுதான்.

ரெஃபரியின் வேலை விசில் ஊதுவதற்கு முக்கால் மணி முன்னாலேயே ஆரம்பித்துவிடும். முதலில் நான் போய்ப் பார்ப்பது கோல் கம்பங்களை. பெரியவர்களுக்கான கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியதாக, தூக்கிக்கொண்டு வந்து வைக்கிற இரும்புச் சட்டம். அந்தச் சட்டம்தான் ஆபத்து. பின்னால் பாரம் வைக்காமல் விட்டால், ஒரு பையன் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலே முன்பக்கம் கவிழும். உலகத்தில் பல இடங்களில் இப்படிக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நான் மேல் கம்பியைப் பிடித்து என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்ப்பேன். அசைந்தால் மணல் மூட்டை வரும்வரை ஆட்டம் இல்லை. "தாது மறுபடியும் இன்ஸ்பெக்‌ஷன் ஆரம்பிச்சுட்டார்" என்று கோச்சுகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்தது பந்து. விதிப்படி முழு அளவுப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். அது ஐந்தாம் நம்பர். பத்து வயதுப் பையனுக்கு நாலாம் நம்பர் போதும். ஆனால் "பெரிய பந்தில் பழகினால்தான் பெரிய ஆளாவான்" என்று ஒரு சித்தாந்தம் இங்கே உலவுகிறது. ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்பாவின் செருப்பைப் போட்டு நடக்கச் சொல்வது மாதிரிதான் இது. ஐந்தாம் நம்பர் பந்து வந்தால் நான் அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு என் பையிலிருந்து நாலாம் நம்பரை எடுப்பேன்.

அதற்குப் பிறகு கால்கள். பூட்ஸின் அடிக்குமிழ்களில் கூர்மை இருக்கிறதா, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கு கார்டு போட்டிருக்கிறானா, கையில் காப்பு, கழுத்தில் தாயத்து உண்டா. விதி 4-ன்படி நகை எதுவும் கூடாது. டேப் ஒட்டி மறைத்தாலும் கூடாது. தாயத்தைக் கழற்றச் சொன்னால் பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். வரிசையில் நிற்கும்போதே பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் அரும்பு மீசையோடு ஒருவன் நிற்பதும் கண்ணில் படும். வயதைத் தீர்மானிப்பது ரெஃபரி வேலை இல்லை. அது லீக் செயலாளரும் பிறப்புச் சான்றிதழும் சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த மீசை ஓடி வரும் பாதையில் நாலடி உயரக் குழந்தை நிற்கிறது என்பது ரெஃபரியின் கவலை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் ஃபவுலுக்கே விசில் உரக்க ஊதும்.

ஓட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள், இந்த வயசில் எப்படி என்று. ரெஃபரி பந்தைத் துரத்துவதில்லை. ஒரு மூலைக் கொடியிலிருந்து எதிர் மூலைக் கொடி வரை குறுக்காகப் போய் வருவான். மற்ற இரண்டு மூலைகளையும் கோட்டோரத்தில் கொடி பிடித்திருக்கும் உதவி நடுவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஸ்டான்லி ரூஸ் என்ற ஆங்கிலேயர். பின்னாளில் ஃபிஃபாவின் தலைவராகவும் இருந்தார். பத்து வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. பதினாலு பேரும் பந்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி ஒரே இடத்தில் இருப்பார்கள். பக்கத்தில் நின்று, யார் கால் யார் மேல் என்று பார்த்தால் போதும்.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லோருக்கும் தெரியும். அவை வந்த கதை தெரிந்தவர்கள் குறைவு. 1966 உலகக் கோப்பையில் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய கால் இறுதி. ரெஃபரி ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொன்னார். அவருக்கு மொழி புரியவில்லை, அல்லது புரிய விருப்பமில்லை. பல நிமிஷம் நகரவே இல்லை. அந்தப் போட்டிகளில் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் காரில் வீடு திரும்பும்போது லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் போக்குவரத்து விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகியது. மொழி வேண்டாத பாஷை இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. வேடிக்கை என்னவென்றால் அந்தப் போட்டிகள் முழுவதிலும் சிவப்பு அட்டை ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

சிக்னல்காரனுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் உண்டு. வித்தியாசமும் உண்டு. ரயில் பாதையில் இரட்டை மஞ்சள் ஒற்றை மஞ்சளைவிட நல்ல சேதி. கவனமாகப் போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். கால்பந்தில் இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. ஆரம்பத்தில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. ஒரே ஒரு பாடம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. சிக்னல் பழுதாகிப் போனால் அது பச்சையில் நிற்கக்கூடாது, தானாகச் சிவப்புக்கு விழ வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு சர்க்யூட்டையும் அமைப்போம். பிள்ளைகள் ஆட்டத்தில் தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே விசில். பந்து எங்கே இருக்கிறது, யார் கோல் போடப் போகிறான் என்பதெல்லாம் அப்புறம். அடிபட்டவன் "ஒன்றுமில்லை தாது, ஆடுகிறேன்" என்றுதான் சொல்வான். எல்லாப் பையனும் அப்படித்தான் சொல்வான். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் ஏற்பாடு 2024-ல் சர்வதேச விதிப்புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

இடி மின்னலும் இதே ரகம். சித்திரை மாதத்தில் இங்கே 'கால்பைசாகி' என்று ஒரு புயல் வடமேற்கிலிருந்து வரும். பத்து நிமிஷத்தில் வானம் கறுத்துவிடும். ஒரு தடவை பதினாலு வயதுக்குட்பட்டோர் அரை இறுதி; 1-0; இன்னும் ஆறு நிமிஷம். மின்னல் வெட்டியது. நான் எண்ண ஆரம்பித்தேன். பத்தொன்பதாவது விநாடியில் இடி கேட்டது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் என்ற கணக்கில் ஆறரைக் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்து, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிஷம் கழியும்வரை மைதானத்துக்குத் திரும்பாதே என்பது பல நாடுகளில் பின்பற்றும் முறை. நிறுத்தினேன். மரத்தடியில் ஒதுங்க ஓடியவர்களைத் திருப்பி, பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் அனுப்பினேன். ஜெயித்துக்கொண்டிருந்த அணியின் கோச், மேகத்தைப் பார்த்து நடுங்கும் ரெஃபரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தோற்றுக்கொண்டிருந்தவரும் அதையேதான் சொன்னார். ஒற்றுமையை உண்டாக்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம். மைதானம் குளமாகிவிட்டது. பாக்கி ஆறு நிமிஷத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடினார்கள். அன்றைக்கு அந்த இடி எங்கே விழுந்தது என்று தெரியாது. எங்கள் பையன்கள் மேல் விழவில்லை.

விதிகள் மாறுவதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாக்களுக்குத்தான் பிடிபடுவதில்லை. சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992-ல் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் "கீப்பர்தானே எடுத்தான், அதற்கு என்ன விசில்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூலையிலிருந்து, கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிர் அணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃபரி கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். நான் கையை உயர்த்தியதும் எதிர் அணிப் பிள்ளைகள் அத்தனை பேரும் 'பாஞ்ச், சார், தீன், துய், ஏக்' என்று கோரஸாக எண்ணுகிறார்கள். பாவம், கீப்பர் பதற்றத்தில் பந்தை எங்கேயாவது விட்டெறிந்துவிடுகிறான். விதி எழுதியவர்கள் இந்தக் கோரஸை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். லீகில் ஞாயிற்றுக்கிழமை ஆறு ஆட்டம் என்றால் ரெஃபரியும் இரண்டு உதவி நடுவர்களுமாக ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். என் மாதிரி ஓய்வு பெற்றவர்களை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? ஆகவே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்து, சின்னவர்கள் ஆட்டத்துக்கு விடுகிறோம். ஆர்வமாக வருகிறார்கள். பதினேழு விதிகளையும் ஒரு மாதத்தில் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். நாலைந்து மாதத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். வெயில் தாங்காமல் அல்ல. கோட்டோரத்துப் பெரியவர்களைத் தாங்காமல்.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இரு தரப்பும் நம்மவர்கள். பெயர் வேண்டாம்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண். இரண்டு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே வங்காளி. கொடி பிடித்துப் பழகிய பிறகு அன்றைக்குத்தான் முதல் முதலாக நடுவில் நிற்கிறாள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலியில், மாற்று ஆட்டக்காரர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பாதியில் ஒரு த்ரோ-இன். பந்தை வாங்கிய பையன் எல்லாத் தடுப்பாளர்களுக்கும் பின்னால் தனியாக நின்றிருந்தான். வாங்கினான், திரும்பினான், அடித்தான், கோல். அந்தப் பெண் நடுக்கோட்டைக் காட்டினாள்.

கோல் வாங்கிய கீப்பரின் அப்பாவும் ஒரு தமிழர். வேலை மாற்றலில் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "ஆஃப்சைடு! ஆஃப்சைடு!" என்று கத்தினார். அதுவரைக்கும் பரவாயில்லை. பிறகு பக்கத்தில் நின்ற நண்பரிடம், ஆனால் பத்து கஜத்துக்குக் கேட்கிற மாதிரி, தமிழில் ஆரம்பித்தார். கண்ணு தெரியுதா இந்தப் பொண்ணுக்கு, சமையக்கட்டுல இருக்க வேண்டியதை எல்லாம் கூட்டியாந்து விசிலைக் குடுத்தா இப்பிடித்தான். இன்னும் இருக்கிறது, அச்சில் ஏற்ற மாட்டேன். வெளியூரில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நம்மவர்களுக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை. பஸ்ஸில், ஆபீஸ் லிஃப்டில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அந்த நம்பிக்கையில் நாம் என்னென்ன பேசியிருக்கிறோம் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் வந்தாள். அவர் இருந்த இடம் வழியில்தான் இருந்தது. நின்று, "அங்கிள், எனக்குத் தமிழ் தெரியும். த்ரோ-இன்ல நேரா வாங்கினா ஆஃப்சைடு கிடையாது" என்றாள். குரல் உயரவில்லை. தண்ணீர் பாட்டிலை என்னிடம் வாங்கும்போது மட்டும் கை நடுங்கியது.

நாலு வார்த்தை மன்னிப்பாகப் பேசிவிட்டுப் போயிருக்கலாம் அவர். அவமானம் மனுஷனை அப்படி விடுவதில்லை. இரண்டாம் பாதியில் தமிழை விட்டு இந்திக்கு மாறினார். இப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு விமர்சனம். மற்ற இரண்டு அப்பாக்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் எழுந்து போயிருப்பேன். ஆனால் நடுவில் நிற்பவர் கூப்பிடாமல் வெளியே இருப்பவர் தலையிட்டால் அந்த விசிலுக்கு அப்புறம் மதிப்பில்லை.

அவளே நிறுத்தினாள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு கோச்சுகளையும் நடுவட்டத்துக்குக் கூப்பிட்டாள். வெளியிலிருந்து வரும் இடையூறுக்காக ஆட்டத்தை நிறுத்தவும் தேவைப்பட்டால் கைவிடவும் ரெஃபரிக்கு விதி 5 அதிகாரம் கொடுக்கிறது. 2019-லிருந்து கோச்சுகளுக்குக்கூட அட்டை காட்டலாம். பெற்றோருக்குக் காட்ட முடியாது. அவர்களைச் சமாளிக்க வேண்டியது அந்தந்த அணியின் பொறுப்பு. இதை அவர்களிடம் சொன்னாள். அந்த மூன்று பேரும் சாலைப் பக்கம் போகும்வரை ஆட்டம் தொடராது என்றாள். கோச் போய்ப் பேசினார். அவர் அசையவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பையன் மட்டும் உட்காரவில்லை. கோலுக்குள் போய், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வலையைப் பிடித்தபடி நின்றான்.

என் கைக்கடிகாரப்படி நாலு நிமிஷம். அப்புறம் அவர் அந்த முதுகைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லாமலே நடந்து சாலைக்கு அப்பால் டீக்கடைக்குப் போனார். ஆட்டம் முடிந்தது, 1-0.

ஆட்ட அறிக்கையைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தாள். கூடவே விசிலையும் மேஜை மேல் வைத்தாள். "மாமா, அடுத்த வாரத்திலேருந்து எனக்கு டெஸ்ட் இருக்கு" என்றாள். டெஸ்ட் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் போனவர்களுக்கும் டெஸ்ட்தான்.

சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தார். "ஏன் சார், பொம்பளைப் பிள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் கேக்கணும்னு தலையெழுத்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலாக என்னிடம் இருந்தது சில பெயர்கள்தான். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலுக்குப் போனார். இதே வங்காளத்தின் கனிகா பர்மனும் போனார். 2022 டிசம்பர் 1-ந் தேதி கத்தாரில் ஜெர்மனியும் கோஸ்டாரிகாவும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்தில் நடுவில் நின்றவர் ஃபிரான்ஸ் தேசத்து ஸ்டெஃபானி ஃப்ராப்பார். ஆண்கள் உலகக் கோப்பையில் விசில் பிடித்த முதல் பெண். ஆண்களிலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய அணி இன்றுவரை ஆடாத உலகக் கோப்பையில், 2002-ல், கொடி பிடித்து ஓடியவர் சென்னைக்காரர் கோமளீஸ்வரன் சங்கர். இதையெல்லாம் சொன்னேன். "அவங்களையும் இப்பிடித்தான் பேசியிருப்பாங்க இல்ல?" என்று அந்த அம்மாள் கேட்டார். பேசியிருப்பார்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. "யோசிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

நான் லீக் செயலாளரிடம் போய் ஒரு கட்டு தேங்காய் நார்க் கயிறு வாங்கச் சொன்னேன். கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, மைதானத்தின் நீளம் முழுக்க முளை அடித்துக் கட்டினோம். பெற்றோர் அத்தனை பேரும் ஒரே பக்கம், கயிற்றுக்குப் பின்னால். கோச்சுகளும் பிள்ளைகளும் எதிர்ப் பக்கம். இளம் நடுவர் நிற்கும் ஆட்டத்தில் கையில் ஒரு மஞ்சள் பட்டை கட்டிக்கொள்வார். பெரியவர் ஒருவர் கயிற்றோரமாக நடந்துகொண்டே இருப்பார். பேசுவதில்லை, நடப்பதுதான். செலவு கயிற்றுக்கு மட்டும். மூன்று மீட்டர் தூரத்தில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டார்கள். லெவல் கிராசிங் கேட்டும் மெலிந்த கம்பிதான். லாரியை அது நிறுத்திவிடாது. ஆனாலும் லாரிக்காரன் நிற்கிறான்.

மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு அம்மாவோடு வந்தாள். அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பெண் பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்குக் கொடி மட்டும் பிடிக்கிறேன் என்றாள். சரி என்றேன். இரண்டு வாரம் கழித்து அதே பிரிவுக்கு நடுவில் நின்றாள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விசிலை அவள் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அவளோடு பயிற்சிக்கு வந்த மற்றவர்களில் இப்போது இருவர்தான் பாக்கி. இந்த வருஷம் புதிதாக ஒரு வகுப்பு நடத்த வேண்டும். பதினைந்து வயது நிறைந்த ஆணோ பெண்ணோ, வீட்டில் இருந்தால் அனுப்புங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஓடுகிற செருப்பல்லாத காலணியும் போதும். விசில் லீக் தரும்.

அந்த அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவில் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரசம் வரும்வரை பேசவில்லை. பிறகு, "சார், த்ரோ-இன்ல நிஜமாவே ஆஃப்சைடு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "கார்னர்ல?" அதிலும் இல்லை. "கோல் கிக்ல?" அதிலும் நேராக வாங்கினால் இல்லை. கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தார். "ஸ்கூல் காலத்துலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன் சார்" என்றார்.

பாயசம் வந்தபோது, "அந்தப் பொண்ணு இன்னும் வருதா?" என்று கேட்டார். வருகிறாள், ஏழரைக்கு முதல் ஆட்டம் என்றேன். பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்தார். கயிற்றின் கடைசி முளைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்ட ஆள் போதாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். மறுமுனையிலிருந்து அவர் சுருட்டிக்கொண்டு வந்தார்.